வடக்குப் பாதையின் பழைய எஞ்சின்களை வீடியோவில் பதிவு செய்வது எப்படி

வன்னியில் பழைய ரயில் எஞ்சின்களைப் படம்பிடிக்க விரும்புபவர் முதலில் எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். நீராவி எஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு மாங்குளத்துக் காட்டைப் பிளந்து வரும் காட்சியை எதிர்பார்த்துக் கமராவுடன் போய் நிற்பதில் பயனில்லை. இலங்கையில் ஓடக்கூடிய நிலையில் பேணப்படும் சில நீராவி எஞ்சின்கள் கொழும்பில் தெமட்டகொடையைச் சார்ந்தே இருக்கின்றன. அவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணங்களுக்காக மலையகப் பக்கமே போகின்றன. நீராவியை ஆறுதலாகச் சுற்றிப் பார்த்துப் படமெடுக்க ஆசைப்படுபவர்கள், 2014 டிசெம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போவதே நல்லது. வன்னிக்கு உரிய பழமை வேறு வகையானது. அது அருங்காட்சியகத்தில் நிற்காமல், அறுபது எழுபது ஆண்டுகளாக வேலைசெய்து, இன்றும் புதிய எஞ்சின்களோடு ஒரே பாதையில் மாறி மாறி ஓடுகின்ற டீசல் எஞ்சின்களின் பழமை. வயது காரணமாக எப்போது வேண்டுமானாலும் அவை சேவையிலிருந்து விலகலாம் என்பதால், இவற்றைப் பதிவு செய்வதில் அழகுக்கு இருக்கும் அளவு இடம் ஆவணத்துக்கும் உண்டு.

ஆவணம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். 1905 இல் முழுமையடைந்த வடக்குப் பாதையில், 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் ஓட்டம் நின்றது. அதன் பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. பாதை இருந்த மேட்டில் காடு முளைத்தது. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்த பின்னர், 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதிதான் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. பளைக்கு 2014 மார்ச்சிலும் யாழ்ப்பாணத்துக்கு அதே ஆண்டு ஒக்டோபரிலும் சேவை நீண்டது. 1956 இல் தொடங்கிய யாழ்தேவி ரயில், போருக்கு முந்திய காலத்தில் புளியங்குளத்தையோ முறிகண்டியையோ கடந்து ஓடும் அசையும் படத்தை இன்று தேடுபவர் சலித்துப்போவார். அன்று கமரா வைத்திருந்தவர்கள் சிலர். எடுத்த படங்களில் இடப்பெயர்வுகளைத் தாண்டிப் பிழைத்தவை அதிலும் சில. ஆகவே இன்று எடுப்பவர் முழுமையாகவும், ஒலியோடும், எஞ்சின் எண், இடம், திகதி ஆகிய விவரங்களோடும் எடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே சொல்லப்படும் நுட்பங்கள் எல்லாம் அதற்குத் துணைபோகின்றவை.

எஞ்சினை அறிந்துகொள்ளுதல்

இலங்கை ரயில்வேயின் பெரிய டீசல் எஞ்சின்கள் எம் என்ற எழுத்தோடும் ஓர் இலக்கத்தோடும் ரகம் பிரிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பக்கத்திலும் முகப்பிலும் அதன் தனி எண் எழுதப்பட்டிருக்கும். ரகத்தைத் தூரத்திலேயே இனங்காணப் பழகினால், எந்த வண்டிக்காகக் கூடுதல் பற்றறியும் பொறுமையும் செலவிட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பழமை விரும்பிகள் எல்லோரும் தேடுவது எம் 2 ரகம். பொதுநலவாய நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய இந்த எஞ்சின்கள், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஜி12 வடிவமைப்பைச் சேர்ந்தவை. பன்னிரண்டு சிலிண்டர்களைக் கொண்ட இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின், நீண்டு ஒடுங்கிய முகப்பு, உருண்ட விளிம்புகள் என்பவற்றால் ஒரு முறை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார். கனடா கொடுத்தவை என்பதால் ஒன்ராறியோ, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இவற்றுக்கு இடப்பட்டன. பின்னாளில் வந்த 628 ஆம் எண் எஞ்சினுக்குக் காங்கேசன்துறை என்று பெயர். 2004 ஆழிப்பேரலையில் பெரலியவில் அகப்பட்ட ரயிலை இழுத்தது மனிற்றோபா. அது திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. வன்னியில் வீட்டுக்கு ஒருவராவது ரொறன்ரோவில் இருக்கும் இந்தக் காலத்தில், ஒன்ராறியோ என்ற பெயர்ப்பலகையைத் தாங்கிய எஞ்சினின் வீடியோவுக்கு அங்கிருந்து எத்தனை பேர் பதில் எழுதுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது எம் 4. இதுவும் கனடா நாட்டுத் தயாரிப்பே. ஆனால் மொன்றியல் லொக்கோமோட்டிவ் நிறுவனம் 1975 இல் தந்தது. நான்கு வீச்சில் இயங்கும், அமெரிக்காவின் அல்கோ நிறுவன வகை எஞ்சின், நீண்ட உடல், 1750 குதிரை வலு ஆகியவை இதன் அடையாளங்கள். 1979 ஐ ஒட்டி ஜப்பானின் ஹிற்றாச்சி தந்த எம் 5, மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்த எம் 6, 1981 இல் பிரித்தானியாவின் பிரஷ் நிறுவனம் தந்த எம் 7 ஆகியவையும் இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டன. இவற்றைப் பழையவை என்று சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; அது வீண் வாதம். 1996 இல் இந்தியாவின் வாரணாசியிலிருந்து வந்த எம் 8, அதன் பின்வந்த எம் 10, எம் 11 ஆகியவை வடக்குப் பாதையில் அடிக்கடி தென்படுகின்றன. பழைய எஞ்சினுக்காகக் காத்திருக்கும்போது வருகின்ற புதியவற்றையும் விடாமல் எடுத்துப் பழகுவது நல்லது. நெட்டையாகப் பெட்டியும் எஞ்சினும் ஒன்றாய் இணைந்து வரும் எஸ் ரகத் தொடர்களுக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது அல்ல.

எஞ்சினுக்குப் பின்னால் வருவதையும் பார்க்க வேண்டும். ரோமேனியாவிலிருந்து வந்த பழைய பெட்டிகளை எம் 2 அல்லது எம் 4 இழுத்து வந்தால் அது ஒரே காலத்துத் தோற்றம் உள்ள தொடராக அமைந்துவிடும். பொருள் வண்டிகளும், பாதைக்குச் சல்லி கொண்டுபோகும் வேலை வண்டிகளும் கால அட்டவணையில் இல்லாதவை என்றாலும், பழைய எஞ்சின்கள் அவற்றுக்கு ஒதுக்கப்படுவது உண்டு.

எந்த வண்டி, எந்த இடம்

வன்னியைக் கடக்கும் பாதைகள் இரண்டு. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு வழியாக வடக்கே போவது ஒன்று. மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார் வழியாகத் தலைமன்னார் இறங்குதுறையை அடைவது மற்றொன்று. பின்னையது 1914 இல் இந்தியாவுக்கான கப்பல் சேவையோடு இணைந்து திறக்கப்பட்டு, 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் அந்த இணைப்பை இழந்து, 1990 இல் மூடப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் உயிர்பெற்றது. இரண்டு பாதைகளிலும் நாளொன்றுக்கு ஓடும் வண்டிகள் குறைவு. கொழும்புப் புறநகரில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வரும். மாங்குளத்தில் தவறவிட்டால் அந்த நாளின் நல்ல வெளிச்சமே போய்விடும். ஆகையால் இங்கே படப்பிடிப்பின் பெரும்பகுதி வண்டி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கால அட்டவணையைப் புறப்படும் நாளன்றே சரிபார்க்க வேண்டும். பாதை வேலைகளுக்காக மாதக்கணக்கில் சேவை நிறுத்தப்படுவதும் நேரங்கள் மாறுவதும் வழக்கம். 2023 இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே அப்படித்தான் நடந்தது. எந்த எஞ்சின் வருகிறது என்பதை அட்டவணை சொல்லாது. தெற்கே மதவாச்சியிலோ அநுராதபுரத்திலோ இதே பொழுதுபோக்குள்ள நண்பர் ஒருவர் இருந்து, வண்டி கடந்ததும் எஞ்சின் எண்ணைத் தொலைபேசியில் சொல்வது எல்லாவற்றையும் விட உறுதியான வழி. நிலைய அதிபரிடம் மரியாதையாகக் கேட்டாலும் சில வேளை தெரியவரும். ஆனால் வண்டி வரும் நேரத்தில் அவர் தலைக்கு மேல் வேலையோடு இருப்பார் என்பதை நினைவில் கொண்டு, அதற்கு நெடுநேரம் முன்னதாகவே கேட்க வேண்டும்.

இப்பாதைகள் ஒற்றை வழிப் பாதைகள் என்பது படமெடுப்பவருக்கு ஒரு வரம். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஏதேனும் ஒரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். அங்கே ஒரு வண்டி நின்று காத்திருக்கும். எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும். எதிர்வண்டி கடந்து, சமிக்ஞை மாறி, சாரதி விசையைக் கூட்ட, எஞ்சின் புகையை மேலே தள்ளிக்கொண்டு நகரும். நூறு கிலோமீற்றர் வேகத்தில் காட்டைக் கடந்து ஓடும் எஞ்சினை விட, நின்ற இடத்திலிருந்து பளுவை இழுத்துப் புறப்படும் எஞ்சினே தன் இயல்பை முழுதாகக் காட்டும். எனவே தொடக்கநிலையாளர் காட்டு நடுவே இடம் தேடாமல், வண்டிகள் விலகும் நிலையங்களில் தொடங்குவது சிறந்தது.

அதற்கு அடுத்தபடியாக, ஏ9 வீதி பாதையை ஒட்டிச் செல்லும் பகுதிகள் வசதியானவை. வீதிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே வெளியான நிலம் இருக்கும் இடத்தைப் பகலில் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, மின்கம்பியும் பற்றையும் குறுக்கிடாத கோணத்தைக் குறித்து வைக்கலாம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம் என்பது கூடுதல் வசதி. பரந்தனுக்கு வடக்கே ஆனையிறவுப் பக்கம் கடல்நீரேரியும் உப்பளமும் விரிந்து கிடப்பதால், வண்டி முழுவதையும் ஒரே சட்டத்துக்குள், அதாவது கமராவில் தெரியும் படத்தின் எல்லைக்குள், பக்கவாட்டில் கொண்டுவர முடியும்.

என் விருப்பம் மன்னார்ப் பாதைக்கே. செட்டிகுளத்துக்கும் மடு வீதிக்கும் இடையே காடு, முருங்கனை அண்டிக் கட்டுக்கரைக் குளத்து வயல்வெளி, பிறகு பனைகள், பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே நீருக்கு மேலே பாலம், அதற்கப்பால் தூரத்தில் சுழலும் காற்றாலைகள் என்று ஒரே பயணத்தில் நிலம் பல முறை மாறுகிறது. ஓகஸ்ட்டில் மடு மாதா திருவிழாவுக்கு மேலதிக வண்டிகள் மடு வீதி நிலையம் வரை விடப்படும் நாட்களில், வழக்கத்தில் இந்தப் பாதைக்கு வராத எஞ்சின்களும் வந்துபோக வாய்ப்புண்டு.

வெளிச்சமும் பருவமும்

வவுனியா தொடக்கம் கிளிநொச்சி வரையான பாதை ஏறத்தாழத் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. ஆகவே காலையில் பாதைக்குக் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் எஞ்சினின் உடலில் வெயில் நேராக விழும். எஞ்சினின் முகம் எப்போது ஒளிபெறும் என்பது சற்று நுட்பமான கணக்கு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்தே நகர்வதால், கொழும்பை நோக்கித் தெற்கே போகும் வண்டியின் முகம் பகல் முழுவதும் ஓரளவு வெளிச்சத்தில் இருக்கும்; வடக்கே வரும் வண்டியின் முகம் நிழலில் இருக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும் கிளிநொச்சியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே எஞ்சினின் சக்கரப் பகுதி முழுவதும் கரிய நிழலாகிவிடும் என்பதால், நிழலில் அமர்ந்து இளநீர் குடிப்பது மேல்.

தலைமன்னார்ப் பாதை வடமேற்காகப் போவதால் கணக்கு மாறுகிறது. மாலையில் தலைமன்னாரை நோக்கிப் போகும் வண்டியின் முகத்திலும், காலையில் மதவாச்சியை நோக்கி வரும் வண்டியின் முகத்திலும் வெயில் விழும்.

பருவங்களில், மழை ஓய்ந்து காலபோக நெல் பச்சையாக நிற்கும் தை மாதமே சிறந்தது. அதிகாலைப் பனிமூட்டத்தில் எஞ்சினின் முன்விளக்கு ஒளிக்கற்றையாகத் தெரியும் சில காலைகள் அப்போதுதான் கிடைக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று புழுதியை எழுப்பி, வானத்தை வெளிறச் செய்து, ஒலிப்பதிவையும் கெடுக்கும். ஆனாலும் காய்ந்த நிலத்தின் செம்மண்ணும் வற்றிய குளமும் வன்னியின் உண்மையான முகங்கள்தாம். பச்சையை மட்டும் எடுத்து வைத்தால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும்.

கமராவை அமைத்தல்

விலை கூடிய கமரா தேவையில்லை. நல்ல கைத்தொலைபேசியும் உறுதியான முக்காலியும் இருந்தால் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இருக்கின்ற தொலைபேசியோடு முக்காலியை வாங்க வேண்டும். தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து, பறக்கும் நிலைக்கு மாற்றி, உள்ளிடம் போதுமா என்று பார்த்து, திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால், எஞ்சினின் முன்விளக்கு சட்டத்துக்குள் வந்ததும் கருவி தானாகப் படத்தை இருளாக்கிவிடும். விளக்கு கடந்ததும் மீண்டும் வெளிறவைக்கும். முன்விளக்கையும் வானத்தையும் எண்ணி, கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் அளவை விடச் சற்றுக் குறைத்துப் பூட்டுவது பாதுகாப்பானது. எண்ணியல் முறையில் பெருப்பித்துக் காட்டும் வசதியைத் தொடவே கூடாது. வன்னி வெயிலில் தொலைபேசி சூடேறி இடையில் அணைந்துபோகும் என்பதால், வண்டி வரும் வரை அதைத் துணியால் மூடியோ நிழலில் வைத்தோ காக்க வேண்டும்.

தனிக் கமரா வைத்திருப்பவர்கள் விநாடிக்கு 25 அல்லது 50 சட்டங்கள் என்ற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், 1/50 அல்லது 1/100 விநாடித் திறப்பு வேகத்தில் எடுத்தால் நிலைய விளக்குகள் துடிப்பதில்லை. பகல் வெயிலில் இந்த வேகம் மிகவும் மெதுவானது, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவு 100 இல், 5.6 துவாரத்தில், 1/50 விநாடியில் எடுக்க வேண்டுமானால் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. வடிகட்டி ஒன்று தேவைப்படும். வடிகட்டி இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்டி எடுக்கலாம்; சக்கரங்களின் அசைவு சற்று வெட்டி வெட்டித் தெரியுமே தவிர வேறு குறையில்லை.

வண்டியோடு சேர்த்துக் கமராவைத் திருப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். வேகமாகத் திருப்பினால் தந்திக் கம்பங்களும் மரங்களும் சரிந்து நிற்பதுபோல் பதிவாகும். இது இன்றைய கமராக்கள் படத்தை வரிவரியாக வாசிப்பதால் வருவது. ஆகவே தொடக்கத்தில் அசையாத சட்டமே போதும். பாதை ஒரு மூலையிலிருந்து தொடங்கி மறுமூலையை நோக்கிச் சாய்வாக வரும்படி சட்டத்தை அமைத்து, தொடுவானத்தை மட்டமாக்கி, வண்டி எங்கே பெரிதாகத் தெரியும் என்று கணித்துக் குவியத்தை அங்கே வைத்து, பிறகு கையை எடுத்துவிட வேண்டும். வண்டி சட்டத்துக்குள் வருவதற்கு நன்கு முன்னதாகவே பதிவைத் தொடங்கி, கடைசிப் பெட்டி போன பின்னும் ஒலி அடங்கும் வரை நிறுத்தாமல் விட வேண்டும். எஞ்சின் கடந்ததும் பதிவை நிறுத்திவிடுவது பரவலாகக் காணப்படும் பழக்கம். பின்னாளில் அந்த வீடியோவைப் பார்ப்பவர் எத்தனை பெட்டிகள், என்ன பெட்டிகள், கதவில் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் அறிய விரும்புவார்.

எஞ்சின் நிலையத்தில் நிற்கும்போது நெருக்கமான காட்சிகளையும் சேர்க்கலாம். பெயர்ப்பலகை, எண், சக்கரத் தொகுதி, இணைப்புக் கொக்கி, துருவும் பலமுறை பூசிய வண்ணமும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும் மூலை ஆகிய ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் எடுத்தால் போதும். சாரதியின் முகத்தை எடுக்குமுன் கையசைத்து அனுமதி கேட்பது முறை. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். இரவிலோ பகலிலோ அவர் கண்ணுக்கு நேரே மின்னொளி அடிக்கக் கூடாது.

ஒலி

பழைய எஞ்சின்களின் உயிர் ஒலியில்தான் இருக்கிறது. பல ரசிகர்கள் படத்துக்கு மேல் பாட்டைப் போட்டு அதைக் கொன்றுவிடுகிறார்கள். எம் 2 இன் இரண்டு வீச்சு எஞ்சின் இடைவிடாத ரீங்காரத்தோடு ஒலிக்கும். விசை கூடக்கூட அந்த ரீங்காரம் உயர்ந்துகொண்டே போகும். எம் 6 க்குள்ளும் ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சினே இருப்பதால் அதுவும் அதே குடும்பத்துக் குரல். எம் 4 இன் அல்கோ எஞ்சின் அப்படியல்ல. அது நிற்கும்போது உரலில் உலக்கை விழுவதுபோல் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும். விசையைக் கூட்டியதும், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வேகம் பிடிக்கும் வரை எரிபொருள் முழுதாக எரியாமல் கரும்புகை எழும். எம் 8, எம் 10, எம் 11 ஆகியவையும் அல்கோ வழிவந்த எஞ்சின்களையே கொண்டவை. ஆனால் அவற்றின் ஓசை இன்னும் கனமானது. கண்ணை மூடிக்கொண்டு ரகத்தைச் சொல்லப் பழகியவருக்கு, சட்டத்துக்குள் வண்டி வருமுன்பே எதை எடுக்கப்போகிறோம் என்று தெரிந்துவிடும்.

ஒலியைப் பதிய, தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க வேண்டும். அது இயங்கினால், வண்டி வருமுன் பூச்சிகளின் ஒலியை மிகைப்படுத்தி, எஞ்சின் வந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அளவைக் கையால் அமைக்கும்போது எஞ்சினின் ஊது ஒலியை (ஹோர்ன்) மனத்தில் வைத்து நன்றாகக் குறைத்து வைக்க வேண்டும். வீதி தண்டவாளத்தைக் கடக்கும் கடவைக்கு அருகில் ஊது ஒலி எல்லை மீறிப் பதிந்தால் அதைப் பின்னர் சீர்செய்ய முடியாது, மெதுவாகப் பதிந்த ஒலியையோ பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். சோளகக் காலத்தில் ஒலிவாங்கிக்குக் காற்றிரைச்சலைத் தடுக்கும் மயிருறை போட்டே ஆக வேண்டும். கமராவிலிருந்து சற்றுத் தள்ளி, பற்றையின் காற்று மறைவில், தனிப் பதிவுக் கருவி ஒன்றையோ இரண்டாவது தொலைபேசியையோ வைப்பது இன்னும் நல்லது. இரண்டையும் பின்னர் பொருத்துவதற்கு, பதிவு தொடங்கியதும் கமராவின் முன் ஒரு முறை கைதட்டினால் போதும். வீதிக்கு அருகில் எடுத்தால் ஏ9 இல் போகும் பஸ்களே ஒலியை ஆளும் என்பதால், ஒலிக்காகவே ஒரு நாளை ஒதுக்கி உள்நிலையம் ஒன்றுக்குப் போவது வீணாகாது.

புதிதாக அமைத்த பாதையில் தண்டவாளங்கள் நீளமாகப் பற்றவைக்கப்பட்டுக் கொங்கிரீட் சிலிப்பர்களின் மேல் கிடப்பதால், பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் தடக் தடக் ஒலி பெரும்பாலும் இப்போது இல்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: வண்டி வருவதைக் காதால் அறிந்து விலகிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது.

பாதுகாப்பும் அனுமதியும்

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 27 மீற்றருக்கு மேல் கடக்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிந்த விளக்கு 36 விநாடிகளில் உங்களைக் கடந்துவிடும். நேராக வரும் வண்டி அண்மிக்கும் வரை அசையாததுபோலவே தோன்றும். கமராத் திரையில் பார்ப்பவருக்கு அது உண்மையை விடத் தூரத்தில் இருப்பதாகவும் தெரியும். தண்டவாளத்தில் நடப்பதும் நிற்பதும் சட்டப்படி குற்றம். பெட்டிகளின் உடல் தண்டவாளத்தைத் தாண்டி இருபக்கமும் நீண்டிருக்கும். அதற்கு மேல் மிதிபலகையில் தொங்கி வருபவர்களின் கை, கால், பை ஆகியவை இன்னும் வெளியே வரும். சன்னலிலிருந்து போத்தல்களும் கோம்பைகளும் பறந்து வரும். எனவே நிலைய மேடை, கடவைக்கு வெளியே வீதி, பாதை எல்லைக்கு அப்பாலுள்ள வயல் வரம்பு ஆகிய மூன்றையும் தவிர வேறு இடங்களில் முக்காலியை ஊன்ற வேண்டியதில்லை. காவலாளி இல்லாத கடவைகளில் கமரா பிடித்தவரைப் பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிள்காரர் கடவைக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் இருப்பதால், கடவையின் வாயிலிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும்.

வன்னிக்கே உரிய எச்சரிக்கைகள் சில உண்டு. மிதிவெடி அகற்றும் பணி பெருமளவு முன்னேறியிருந்தாலும், மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையோ கட்டிய நாடாவோ தென்பட்டால் நல்ல கோணம் அதற்கப்பால்தான் இருக்கிறது என்று ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பழக்கமில்லாத காட்டுக்குள் இறங்குமுன் அருகிலுள்ள வீட்டாரிடம் கேட்க வேண்டும். செட்டிகுளம், மடுப் பக்கக் காடுகளில் விடியலிலும் கருக்கலிலும் யானை நடமாட்டம் இருப்பதால் தனியே போகக் கூடாது. இராணுவ முகாம்களும் காவலரண்களும் சட்டத்துக்குள் விழாதபடி கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். யாராவது வந்து கேட்டால் எடுத்ததைத் திறந்து காட்டி விளக்குவதே போதுமானது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். அவை இல்லாமல் பறக்கவிடுபவர் தனக்கு மட்டுமன்றி அடுத்துவரும் எல்லா ரசிகர்களுக்கும் கதவை அடைத்துவிடுகிறார்.

நிலையத்துக்குள் போகும்போது மேடைச் சீட்டு வாங்கி, நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஒரு நிலையத்தில் என்னைக் காரணம் சொல்லாமல் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு நிலையத்தில் கதிரை போட்டுத் தேநீர் தந்திருக்கிறார்கள். எழுத்துமூல விதியை விட அன்றைய மனநிலையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதால், மறுத்தால் வாதாடாமல் வெளியே வீதிக்கு வந்து எடுப்பதே அறிவு. விளம்பரத்துக்கோ திரைப்படத்துக்கோ எடுப்பதானால் கொழும்பிலுள்ள ரயில்வே தலைமையகத்தில் முறைப்படி அனுமதி பெற வேண்டும்.

எடுத்த பின்

வீட்டுக்கு வந்த அன்றே கோப்புகளைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, மாதம், நாள், இடம், ரகம், எஞ்சின் எண், வண்டியின் பெயர், போகும் திசை என்ற ஒரே ஒழுங்கில் பெயரிட வேண்டும். நாளை பெயரிடலாம் என்று விட்டால் ஓமந்தையும் புளியங்குளமும் ஒன்றாகிவிடும். வண்டி எவ்வளவு தாமதமாக வந்தது, காத்திருந்த வண்டி எது, எஞ்சினில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், பின்னர் அதே எஞ்சினை வேறு வண்ணத்தில் பார்க்கும்போது அந்தக் குறிப்பு உதவும்.

வெட்டித் தொகுத்ததைப் பகிரலாம். ஆனால் வெட்டாத மூலத்தை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், முடியுமானால் இரண்டு வெவ்வேறு வீடுகளில், வைத்திருக்க வேண்டும். தொகுப்பில் எஞ்சின் எண்ணையும் இடத்தையும் எழுத்தில் சேர்த்து, இயல்பான ஒலியை அப்படியே விட வேண்டும். நிறத்தை மிகைப்படுத்திச் செம்மண்ணைக் குங்குமமாக்கும் வடிகட்டிகளைத் தவிர்க்க வேண்டும். எஞ்சினின் உண்மையான வண்ணம் எது என்று பின்னாளில் ஒருவர் தேடும்போது உங்கள் வீடியோ பொய் சொல்லக் கூடாது.

1990 க்கு முன் இந்தப் பாதையில் வேலை செய்து ஓய்வுபெற்ற சாரதி, காப்பாளர், கடவைக் காவலர் யாரையேனும் அறிந்தால், எடுத்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சொல்வதை அனுமதியோடு ஒலிப்பதிவு செய்யலாம். கோச்சி என்றே இன்றும் அவர்கள் சொல்லும் அந்த வண்டியின் எந்த ஏற்றத்தில் எந்த எஞ்சின் திணறும், எந்த நிலையத்தில் தண்ணீர் பிடித்தார்கள் என்பவற்றைக் கமரா எடுக்க முடியாது. அந்தப் பதிவுக்கும் அதே ஒழுங்கில் பெயரிட்டு, அவர் குறிப்பிடும் இடத்தின் வீடியோ இருக்கும் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டால், தேடுபவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும்.